நாரும் நங்கூரமும்

திண்டிவனத்தில் எம் பாட்டியார் இல்லம் கீற்று வேய்ந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் கரையேறிய பெஞ்சல் புயல் அக்கூரையைப் பிரித்தெறிந்தது. மறுநாள் யாம் நோக்கியபோது கீற்றும் கழியும் பெரிதும் முறிந்தில. அவற்றைப் பிணித்த கயிறே அறுந்து கிடந்தது.

அடுத்த திங்களில் பாட்டியார் பக்கவாதத்தால் வீழ்ந்து, விழுப்புரத்து மருத்துவமனையொன்றிற் சேர்க்கப்பெற்றார். எமக்கு முதற்றமிழ் புகட்டிய அந்நாவில் எம் பெயரும் எழவில்லை. ஏது யாதென, மருத்துவம் பயிலும் தமையனாரை வினவினோம். அவர் விளக்கியது வருமாறு:

மூளை உயிரணுவைச் சூழ்ந்த மெல்லிய சவ்வின் உட்புறத்தே ஸ்பெக்ட்ரின் என்னும் புரதம் கழிகளேபோற் பரந்துள்ளது. அதனைச் சவ்வோடு பிணிப்பது ஆங்க்கிரின் என்னும் பிறிதொரு புரதம். நங்கூரத்தைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். நீண்ட நரம்பிழையில் ஆக்டின் என்னும் புரதத்தாலாய வளையங்களை ஸ்பெக்ட்ரின் வரிசையாகத் தொடுத்துள்ளதை அறிஞர் 2013-இற் கண்டனர். வளையங்களின் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரைப் பத்திலட்சங் கூறிட்டதில் ஏறத்தாழ 190 கூறே! இரத்தவோட்டம் தடைப்படின் உயிரணுவினுட் கால்சியம் பெருகும். கால்பெய்ன் என்னும் நொதி கிளர்ந்து அக்கழியையும் நங்கூரத்தையும் அறுக்கும். அணுவின் அழிவிற்கு அதுவுமோர் ஏது.

கேட்ட யாம், புயலில் அறுந்த கயிற்றை நினைந்தோம்.

பங்குனியிற் கூரையை மீண்டும் வேய்ந்தோம். திண்ணையிலிருந்து நோக்கிய பாட்டியார், நெடுநேரம் உதடசைத்து, "இறுக்கிக் கட்டு" என்றார். அவர் மீட்ட முதற்சொற்கள் அவை. எம் பெயருக்கு இன்னுங் காத்திருக்கின்றோம்.