மலேசியா போல்டர்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வாடையில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு ஒரு மொபைல் கடை இருந்ததே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். நாலடி அகலம். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல், சாமி படத்தைச் சுற்றி சீரியல் பல்பு. சால்டரிங் வைக்கிற புகையும் பக்கத்து வடைச் சட்டியின் எண்ணெய்ப் புகையும் கலந்து ஒரு வாசனை. ‘இங்கு பாடல்கள் ஏற்றித் தரப்படும்’ என்று கடைக்காரர் அட்டையில் மார்க்கரால் எழுதித் தொங்கவிட்டிருப்பார்.

கம்பெனியில் சம்பளம் போட்ட வாரம் அங்கே நிற்க இடமிருக்காது. ஏ ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவன் கன்னத்தில் பாய் அச்சோடு நிற்பான். சி ஷிப்டுக்குக் கிளம்பியவன் டிபன் பையோடு, “அண்ணே, பஸ் வந்துரும்ணே” என்று நச்சரிப்பான். மெமரி கார்டை எடுக்க முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். சுண்டுவிரல் நகத்தளவு சாமான். கை தவறிக் கீழே விழுந்தால் தீர்ந்தது, வரிசை மொத்தமும் டார்ச் அடித்துத் தரையைத் துழாவும். காணாமல் போவது கார்டு இல்லை, மூன்று மாதமாகச் சேர்த்த பாட்டு.

அவர் கம்ப்யூட்டரில் உலகம் போல்டர் போல்டராகப் பிரிந்து கிடந்தது. ரஜினி ஹிட்ஸ், ராஜா மெலடி, சோகம், குத்து, அம்மன், ஐயப்பன், புதுப்படம். நாம் எதைக் கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்.

“என்ன படம்?”

“படம் இல்லண்ணே, ஆல்பம். மலேசியா பசங்க பாடுனது.”

படம் இல்லாத பாட்டு சாமிக்குத்தானே இருக்கும் என்பது போல நம்மை மேலும் கீழும் பார்ப்பார். “சரி, பேரச் சொல்லு.”

“வல்லவன்.”

வில்லங்கமே அங்கேதான். அந்த ஆல்பம் வந்த அதே 2006-இல் சிம்புவின் ‘வல்லவன்’ படமும் வந்து தொலைத்திருந்தது. அறைக்கு வந்து ஹெட்செட்டை மாட்டினால் அந்தப் படத்துக்கு யுவன் போட்ட இசை ஓடும். மறுபடி நடை, மறுபடி வரிசை. நம்மைப் போல நாலு பேர் வந்து வந்து கேட்டதில் சலித்துப்போய் ‘மலேசியா’ என்று தனி போல்டரே போட்டுவிட்டார். திறந்தால் யோகி பி பாட்டு ஒன்றிரண்டு, மீதி முழுக்க மலேசியா வாசுதேவன். ஊர்க் கணக்குப்படி அவர் செய்ததில் தப்பே இல்லை.

யோகி பி அன்ட் நட்சத்திரா. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் என்று மூன்று பேர். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது நமக்கு அவர்கள் ‘மலேசியா பசங்க’, அவ்வளவுதான். அதில் யோகி பி பழைய கை. தொண்ணூறுகளிலேயே ‘பொயட்டிக் அம்மோ’ என்ற நால்வர் குழுவில் இருந்தவர். அவர்களுடைய முதல் ஆல்பம் 1998-இல் வந்தது. ஆங்கிலத்தில் பெயர் வாங்கிவிட்ட ஆள், பிறகு தமிழில் வந்து நின்று ‘வல்லவன்’ போட்டார். அதில் ‘மடை திறந்து’தான் கடல் தாண்டி நம் ஸ்ரீபெரும்புதூர் ரோடு வரைக்கும் வந்தது. அது முதலில் 1980-இல் பாரதிராஜா எடுத்த ‘நிழல்கள்’ படத்துப் பாட்டு. வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. பெரிய இசையமைப்பாளனாகிவிட்டதாகக் கனவு காண்கிற ஒருவனின் பாட்டு. படத்தில் ராஜாவே ஒரு நிமிஷம் தலைகாட்டிப் போவார். படம் ஓடவில்லை, பாட்டு நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷம் கழித்து அந்த மெட்டுக்குள் மூன்று பேர் புகுந்து மூச்சுவிடாமல் பேசினார்கள். அந்த ஆல்பத்தை முழுசாகக் கேட்டவர்கள் நம் லைன் வீட்டில் யாருமில்லை. ஒரு பாட்டு உள்ளே நுழைந்தது, மற்றதெல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. அது அவர்களுக்கு நாம் செய்த அநியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஹிட் ஆயிற்றா என்று கேட்டால் எதை வைத்துச் சொல்வது? வெள்ளைக்காரன் ஊரில் வாராவாரம் பட்டியல் போடுவான், இத்தனை விற்றது, இத்தனையாவது இடம் என்று. நம் பக்கம் அப்போது ‘டாப் டென்’ என்றாலே படம்தான். படமில்லாத பாட்டுக்கு எந்தப் பட்டியலில் இடம்? அந்தக் கடையில் நாம் கொடுத்த பத்து ரூபாயில் கோலாலம்பூருக்கு ஒரு பைசா போயிருக்காது. எத்தனை கார்டில் அது ஏறியது என்று கடைக்காரரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். அந்த வருஷங்களில் அந்த ரோட்டில் அதிகம் கேட்ட இசை ராஜாவும் இல்லை, ரகுமானும் இல்லை. நோக்கியா ட்யூன். ஸ்பெயின் நாட்டுக் கிடார்க்காரர் ஃபிரான்சிஸ்கோ தாரேகா 1902-இல் எழுதிய வால்ட்ஸிலிருந்து வெட்டி எடுத்த துண்டு அது. 2006 ஜனவரியில் நம்மூர் சிப்காட்டில் நோக்கியா ஓட ஆரம்பித்தபின் பாதி லைன் வீடுகள் அந்தச் சத்தத்தில்தான் விழித்தன. செய்யாறு, வந்தவாசி, அரக்கோணம் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்தார்கள். ஹாஸ்டல் ஜன்னலில் துப்பட்டாக்கள் காயும். ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போனால் தேங்காய் எண்ணெய் வாசனையும் எஃப்.எம். சத்தமும் தெருவுக்கு வரும். பகலெல்லாம் போனைச் சேர்த்துக் கட்டுகிறவர்கள் ராத்திரி அதே கம்பெனிப் போனுக்குப் பாட்டு ஏற்ற அதே கடைக்கு வந்து நிற்பார்கள்.

கம்பெனி பஸ்ஸைச் சொல்லாமல் விட்டால் நீ கோபித்துக்கொள்வாய். விடியக்காலை நாலரை மணிக்கு சுங்குவார்சத்திரத்தில் ஏறுகிறோம். டீசல் வாடை, முன்சீட்டில் ராத்திரி வைத்த மல்லிகை. ஜன்னலைத் திறந்தால் ஏரிப்பக்கத்துச் சேற்று மணம், உழுத நிலத்தின் ஈரம், தவளைச் சத்தம். அப்போது ஒரகடம் பக்கம் கம்பெனியைவிட நெல் வயல்தான் அதிகம். டிரைவர் அண்ணன் ராஜா பக்தர். எண்பதுகளைத் தாண்டி ஒரு பாட்டுப் போட மாட்டார். பின்சீட்டுப் பயல்களுக்கு அது தாலாட்டு. “அண்ணே, தூக்கம் வருதுண்ணே, வேற போடுண்ணே!” “தூங்கத்தாண்டா போடுறேன். லைன்ல போய்த் தூங்காம இருக்கணும்ல?” தினமும் இந்தப் பஞ்சாயத்து. ஒருநாள் எவனோ பென் டிரைவை நீட்டினான். ‘மடை திறந்து’ மெட்டைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பேச்சு ஆரம்பித்ததும் சுருங்கியது. “நல்லா போயிட்டிருக்கு, நடுவுல எவண்டா திட்டுறான்?” பஸ்ஸே சிரித்தது, முன்சீட்டுப் பெண்கள் உட்பட. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. வேகத்தடை வந்தபோது ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்ததை நீயும்தான் பார்த்தாய். அதன்பின் நமக்குள் ஒப்பந்தம். ஏறும்போது ராஜா, டோல்கேட் தாண்டியதும் மலேசியா. ‘மடை திறந்து’ இரண்டு கட்சிக்கும் பொது.

பிறகு மலேசியா பசங்க படத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்தில் எம்.எஸ்.வி.யின் பழைய ‘எங்கேயும் எப்போதும்’ புதுசாக வந்தபோது அதில் யோகி பி. 2011 ‘ஆடுகளம்’ படத்திலும் அவர் குரல். கடைக்காரருக்கு நிம்மதி. “என்ன படம்?” என்ற கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது. அதே 2011-இல் கோயம்புத்தூர்க்காரர் ஆதியின் ‘க்ளப்புல மப்புல’ போனுக்குப் போன் தாவியது. மறு வருஷம் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம். யோகி பி போட்ட பாதையில் வந்தவர்தான் ஆதி. ‘க்ளப்புல மப்புல’வை ஏற்ற யாரும் வரிசையில் நிற்கவில்லை. ப்ளூடூத்தில் நீலவிளக்கு மினுக்கினால் முடிந்தது.

2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரம் மைக்ரோசாப்ட் கைக்குப் போனபோது, வரி வழக்கில் சிக்கிய நம்மூர் ஆலையை மட்டும் சேர்க்கவில்லை. நவம்பர் 1-ஆம் தேதியோடு லைன் நின்றது. ஹாஸ்டல்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வந்தவாசிப் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். பலருக்குக் கல்யாணம், சிலருக்குத் துணிக்கடை வேலை. வேறு கம்பெனி கிடைத்தவர்களும் உண்டு. பிறகு சால்காம்ப் என்ற கம்பெனி அந்தக் கட்டடத்தை எடுத்து சார்ஜர் செய்கிறது. ஒரகடத்தில் கார், லாரி, டயர், புல்லட் என்று வரிசையாக வந்துவிட்டன. அந்தச் சந்திப்பில் இப்போது மேம்பாலம். தவளைச் சத்தம் கேட்க இன்னும் உள்ளே போக வேண்டும்.

போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன். மொபைல் கடை இருந்த இடத்தில் டெம்பர்டு கிளாஸ் ஒட்டுகிறார்கள். ஒடிசாவுக்கும் பீகாருக்கும் பணம் அனுப்புகிறார்கள். போர்டு இந்தியில். உள்ளே இருந்த பையன் கையிலிருந்த போனில் போஜ்புரிப் பாட்டு ஓடியது. தாளம் பிரமாதம். என்ன படம் என்று கேட்க வாய் வந்தது, இந்தி வரவில்லை.

வெளியே டீ குடிக்கையில் நம் டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது, இப்போது ஏசி பஸ். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் புதுசுதான் தம்பி. போடுறதே இல்ல. எல்லாம் காதுல மாட்டிக்கிட்டு ஏறுதுங்க. சண்டைக்குக்கூட ஒருத்தனும் வரமாட்டேங்குறான்.”

டீ காசை அவரே கொடுத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.