மேலநீலிதநல்லூர் உடைமரமும் எடின்பரோ ஓவியங்களும்!

சங்கரன்கோவிலில் இருந்து மேலநீலிதநல்லூருக்கு பஸ் ஏறினால் ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மானாவாரிக் காடுகள், பனைகள், அங்கங்கே ஆட்டு மந்தைகள். நடுநடுவே, யாரோ குடையை விரித்து நட்டுவைத்ததுபோலத் தலை தட்டையான மரங்கள். அதுதான் உடைமரம்.

"இதுல என்னம்மா இருக்கு, இத்தனை போட்டோ எடுக்கிய? காய் ஆட்டுக்கு, முள்ளு வேலிக்கு. அவ்வளவுதான்" என்று சிரித்தார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்.

அவர் சொன்னது சரிதான். ஆனால், இந்த முள்மரத்தைப் பற்றிச் சொல்ல இன்னொரு கதையும் இருக்கிறது. அறிவியல் உலகில் இதற்கு 'அகேசியா பிளானிஃப்ரான்ஸ்' என்று பெயர் வைத்தவர்கள், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட் இருவரும். ஆண்டு 1834. இப்போது 'வச்செல்லியா' என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வைட், இதே நெல்லைச் சீமையில் வாழ்ந்தவர்!

பாளையங்கோட்டை டாக்டர்

கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவ மருத்துவராக 1819-ல் சென்னை வந்தவர் வைட். வைத்தியம் வேலை, செடி கொடிதான் உயிர். 1830-களின் நடுவில் அவருடைய படைப்பிரிவு பாளையங்கோட்டைக்கு வந்தது. நாம் சாரலுக்கும் அருவிக்கும் ஓடுகிற குற்றாலத்துக்கு, அவர் செடிகளைத் தேடி ஓடினார். சேகரித்ததைக் காயவைத்து, பெயரிட்டு, படம் வரையச் செய்து அச்சிட்டார்.

1838-ல் தொடங்கி 1853 வரை அவர் வெளியிட்ட 'ஐகோன்ஸ் பிளான்டாரம்' என்ற நூல் 6 தொகுதிகள் கொண்டது. அதில் உள்ள படங்கள் 2,101. இன்றும் தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்பவர்கள் இந்தப் படங்களைத் தேடிப் போகிறார்கள்.

சரி, இத்தனை படங்களையும் வரைந்தது யார்?

ரங்கய்யா, கோவிந்து

முதலில் ரங்கய்யா, அவருக்குப் பிறகு கோவிந்து. வைட்டிடம் வேலை பார்த்த முக்கியமான ஓவியர்கள் இந்த இருவரும்தான். அச்சான படங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் இவர்கள் பெயரும், கூடவே 'டெல்.' என்ற லத்தீன் சுருக்கமும் இருக்கும். 'வரைந்தவர்' என்று அர்த்தம். அதைத் தாண்டி, இவர்களைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். வைட்டுக்கு உருவப்படம் இருக்கிறது, வாழ்க்கை வரலாறு இருக்கிறது. ஓவியர்களுக்கு மிஞ்சியது அவர்கள் கைவேலை மட்டும்.

வைட் ஒரு நல்ல காரியம் செய்தார். 1853-ல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயியா' என்று தன் ஓவியரின் பெயரையே வைத்தார். ஆனால், பிற்காலத்து ஆய்வாளர்கள் அந்தச் செடியை 'ட்ரோபிடியா' பேரினத்தில் சேர்த்துவிட, கோவிந்துவின் பெயர் பழைய பெயர்களின் பட்டியலுக்குப் போய்விட்டது.

போட்டோ இருக்கே, ஓவியம் எதற்கு?

எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. நான் எடுத்த உடைமர போட்டோவைப் பார்த்ததும் பதில் கிடைத்தது. முள் தெரிந்தது, பூ இல்லை. காய் சுருண்டு தொங்கியது. அதற்குள் விதை எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. போட்டோவில் விழுவது அந்த ஒரு நொடி மட்டும்.

அறிவியல் ஓவியத்தில் ஒரே தாளில் பூவும் இருக்கும், சில மாதம் கழித்து வரும் காயும் இருக்கும். கீழே பூவைப் பிரித்து இதழ், மகரந்தத்தாள், சூலகத்தின் குறுக்குவெட்டு எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டியிருப்பார்கள். பூச்சி கடித்த இலையை விட்டுவிட்டு, அந்த இனத்துக்கே பொதுவான இலையை வரைவார்கள். அழகுக்காகக் கூட ஒரு நரம்பை ஏற்றிப் போட முடியாது. காய்ந்துபோன செடி பழுப்பாகிவிடும். வண்ண ஓவியத்தில்தான் அதன் நிறம் தங்கும்.

மங்கிய வெளிச்சத்தில் பூக்கள்

ரங்கய்யா, கோவிந்து கையால் வரைந்த நூற்றுக்கணக்கான மூல ஓவியங்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. மேலநீலிதநல்லூரில் இருந்து 8,000 கிலோமீட்டருக்கும் மேல்! அங்கு பணியாற்றிய தாவரவியலாளர் ஹென்றி நோல்டி, 2007-ல் இந்த இருவரின் பெயரையும் தலைப்பிலேயே போட்டுப் புத்தகம் கொண்டுவந்தார்.

இப்படிப்பட்ட ஓவியங்களை ஆண்டு முழுக்கச் சுவரில் மாட்டிவைக்க முடியாது. வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. அதனால் அருங்காட்சியகங்களில் சுமார் 50 லக்ஸ் அளவுக்கு விளக்கை மங்கலாக வைப்பார்கள். சில மாதம் காட்சி, பிறகு இருட்டறையில் நீண்ட ஓய்வு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2011-ல் இயற்கை ஓவியங்களுக்கென்றே ஒரு கூடம் திறந்தது. அங்கும் தாள் ஓவியங்களை மாற்றி மாற்றித்தான் வைத்தார்கள்.

2019 டிசம்பரில் லண்டனின் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில், கம்பெனி காலத்து இந்திய ஓவியர்களுக்காக ஒரு கண்காட்சி தொடங்கியது. 'மறக்கப்பட்ட மேதைகள்' என்று பொருள்படும் தலைப்பு. படம் வரையச் சொன்ன துரைமார்களைப் பின்னால் தள்ளி, வரைந்தவர்களை முன்னே நிறுத்தியது அது. வேலூரைச் சேர்ந்த எல்லப்பாவின் ஓவியமும் அங்கே இருந்தது. லண்டனில் நடந்த இந்த மரியாதை நம் ஊரில் நடக்க வேண்டாமா?

தமிழ்நாட்டில் வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தஞ்சாவூர் போனால், சரஸ்வதி மஹால் நூலக அருங்காட்சியகத்தில் சரபோஜி மன்னர் காலத்துச் சேகரிப்பைப் பாருங்கள். பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்.

நம்ம ஊர்ச் சுவரில்...

வைட்டின் நூல்களுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' இணையதளத்தில் அத்தனை பக்கங்களும் இலவசம். மூல ஓவியம்தான் வெளிச்சத்துக்குப் பயப்படும். பிரின்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

மேலநீலிதநல்லூரில் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இருபது படங்களை ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து வராந்தாவில் மாட்டினால் ஒரு கண்காட்சி தயார். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி போதும்: ஊரில் சொல்லும் பெயர், அறிவியல் பெயர், வரைந்தவர் பெயர். ஊர்ப் பெயர் தெரியாவிட்டால் ஆடு மேய்க்கிற தாத்தாவைக் கேட்கலாம், அவருக்குத் தெரியும்.

கூடவே ஒரு வெற்றுத் தாளையும் மாட்டுங்கள். பல இடங்களில் சீமைக்கருவேலம் பரவி, உடைமரம் நின்ற இடத்தையெல்லாம் பிடித்துவருகிறது. பூக்கும் மாதத்தில் பூவையும், காய்க்கும் மாதத்தில் காயையும் பிள்ளைகள் பார்த்துப் பார்த்து அந்தத் தாளில் வரையட்டும். ஓரத்தில், கொஞ்சம் பெரிய எழுத்திலேயே, வரைந்தவர் பெயரையும் எழுதட்டும்!