மூணு படி

எங்க சித்தப்பாவோட ஏடிஎம் பின் நம்பர் வீட்டில் ஆறு பேருக்குத் தெரியும். நான் எட்டாவது படிக்கும்போதிருந்தே அவருக்குப் பணம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அது ஒரு பிரச்சினைன்னு எனக்குத் தோணவே இல்லை.

சித்தப்பாவுக்குச் சின்ன வயசில் போலியோ. வீல்சேர்தான். திருவண்ணாமலையில் செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கார். கூட்டம் இல்லாத நாளாப் பார்த்து விடியற்காலையில் கிரிவலம் கிளம்புவார். 14 கிலோமீட்டர், யாரையும் தள்ள விடமாட்டார். பின்னாடி நடந்து வர்ற எனக்குத்தான் குபேர லிங்கம் வர்றதுக்குள்ள கால் வலிக்கும்.

அப்படிப்பட்டவர் கடைக்கு எதிரில் இருக்கிற ஏடிஎம்-க்குப் போக முடியாது. மூணு படி. பக்கத்தில் சிமெண்டில் ஒரு சாய்தளம் போட்டிருக்காங்க. ஒரு தடவை அதில் ஏறப் பார்த்தார். வண்டி முன்சக்கரம் தூக்கிப் பின்னாடி சாய்ஞ்சிடுச்சு. வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்து பிடிக்கலைன்னா தலையில் அடிபட்டிருக்கும். அதோட அந்தப் பக்கமே போறதில்லை.

போன செமஸ்டர், சிவில் டிராயிங்கில் ஒரு வணிகக் கட்டடம் வரையச் சொன்னாங்க. நானும் முன்னாடி மூணு படி வச்சேன். ராம்ப் வைக்கலை. நல்ல மார்க்தான் வந்துச்சு. வீட்டில் பெருமையாக் காட்டினேன். சித்தப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நல்லாருக்குடா. நான் எந்த வழியா உள்ள வர்றது?"ன்னு கேட்டார்.

மறுநாள் டேப் எடுத்துட்டுப் போய் அந்த ஏடிஎம் வாசலை அளந்தேன். மூணு படியும் சேர்த்து உயரம் 18 அங்குலம். சாய்தளத்தோட நீளம் 4 அடி. விதி என்னன்னா 1-க்கு 12. ஒரு அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேணும். 18 அங்குலத்துக்கு 18 அடி! அங்கே இருந்தது சாய்தளம் இல்லை, சறுக்குமரம்.

அதுக்கப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படிச்சேன். ஏடிஎம்-களில் வீல்சேர் போக ராம்ப் வேணும், மெஷின் உயரமும் எட்டணும்னு 2009-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி, விதிப்படி இல்லாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியே தரக்கூடாது. அரசுக் கட்டடத்துக்கு மட்டுமில்லை, தனியார் நிறுவனத்துக்கும் இதுதான். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தத் தரங்கள் வெறும் பரிந்துரையா இருந்தாப் போதாது, கட்டாயமா இருக்கணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. அவர் வழக்குப் போட்டது 2005-ல்!

சட்டம் தெரிஞ்ச தைரியத்தில் சித்தப்பாகிட்ட 18 அடிக் கணக்கைச் சொன்னேன். சிரிச்சார். "ரோட்டுக்கும் படிக்கும் நடுவுல எட்டு அடிதான்டா இருக்கு. மீதியை ரோட்டு மேலயா போடுவாங்க?"

நியாயமான கேள்வி. மூணு நாள் உட்கார்ந்து வரைஞ்சேன். நேரா இறக்காம, பக்கச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய், நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பினா இடம் போதுது. கூடவே கைப்பிடிக் கம்பி. ஆனா வரையும்போது இன்னொண்ணும் புரிஞ்சுது. கட்டும்போதே தரைமட்டத்தைக் கொஞ்சம் இறக்கி யோசிச்சிருந்தா இவ்வளவு பாடே இல்லை. அதை யோசிக்க வேண்டியவன் வரைபடம் போடுறவன். அதாவது நாளைக்கு நானும் நீங்களும்.

அந்த வரைபடத்தை ஒரு மனுவோட வங்கியில் கொடுத்திருக்கோம். பதில் இன்னும் வரலை. அடுத்த வாரம் நம்ம காலேஜ் செமினார் ஹால் மேடையை அளக்கப் போறேன். அங்கேயும் படி மட்டும்தான் இருக்கு. டேப்போட மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும், வர்றவங்க சொல்லுங்க.

"ராம்ப் போட்டாங்கன்னா மொதல்ல என்ன பண்ணுவீங்க சித்தப்பா?"ன்னு கேட்டேன்.

"பின் நம்பரை மாத்துவேன்"னார்.