விரல் நுனிக்குத் திரும்பும் வழி

வில்லியனூரில் சுடுமண் உருவங்களும் பானைகளும் செய்து பிழைக்கும் முதியவர் ஒருவர், உடைந்த கண்ணாடியால் இடது மணிக்கட்டு அறுபட்டு, அறுந்த நடு நரம்பை மருத்துவர்கள் தைத்துச் சேர்த்த ஏழாம் மாதத்தில் என்னிடம் வந்தார். கண்களை மூடச் சொல்லி, அவருடைய சுட்டுவிரல் நுனியைப் பென்சில் முனையால் மெல்லத் தொட்டேன். "நடுவிரலைத் தொடுறீங்க, தம்பி" என்றார். கண் திறந்து பார்த்தவுடன் அவர் முகம் வாடியது.

அடிபட்ட கைகளுக்கு உணர்ச்சிப் பயிற்சி அளிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பிழை புதிதன்று. அறுந்த நரம்பிழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து விரல் நுனியை அடைய ஆறு மாதம் போல ஆகிவிடுகிறது. அந்தப் பிரயாணத்தில் பல இழைகள் தமக்குரிய குழலை விட்டு அயல் குழலில் புகுந்து, வேறு விரலின் தோலைச் சென்று சேர்ந்துவிடுகின்றன. தையல் எத்துணை நேர்த்தியாயினும் இதனை முற்றும் தவிர்க்க இயலாது. ஆகவே பிழை கையில் நேர்ந்தாலும், அதைத் திருத்திக்கொள்ள வேண்டியது மூளையே.

தலையின் உச்சியிலிருந்து காதை நோக்கி இறங்கும், மூளைப் புறணியின் ஒரு மேட்டில், எதிர்ப்புறத்து உடலின் ஸ்பரிசம் முழுதும் படம்போல் பதிந்திருக்கிறது. சில மில்லிமீட்டர் கனமே உள்ள அப்புறணியில் ஆறு அடுக்குகள் உண்டு. உள்ளிருந்து வரும் செய்தி பெரும்பாலும் நான்காம் அடுக்கில் இறங்கி, மேலடுக்குகளுக்கு ஏறி, அங்கிருந்து பக்கவாட்டு இழைகளால் அண்டை உயிரணுக்களுக்குப் பரவுகிறது. மேலிருந்து கீழாக நிற்கும் அணுக்கள் ஒரே கூட்டமாய்த் தொழில் புரிவதை நரம்பியல் ஆய்வாளர் மவுண்ட்காசில் 1957இல் எடுத்துக் காட்டினார். எனக்கோ பக்கவாட்டு இழைகளின் மீதுதான் வியப்பு அதிகம். பாகூர் ஏரிப் பாசனத்தில் ஒரு வயலின் மடை அடைபட்டால், அதுவரை ஒருவரும் கவனியாதிருந்த பக்கத்து வயலின் கசிவு அதை ஈரமாக்குவது போல, சொந்தச் செய்தி நின்றுபோன பரப்பில் அண்டையின் மெல்லிய இணைப்புகள் வலுப்பெறுகின்றன. குரங்குகளின் நடு நரம்பை அறுத்த மெர்செனிக், காஸ் முதலியோர், அந்நரம்புக்குரிய மூளைப் பகுதி புறங்கைத் தோலுக்கு மறுமொழி தருவதை 1983இல் வெளியிட்டனர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கை இழந்தவரின் கன்னத்தைப் பஞ்சால் தீண்ட, இல்லாத கையில் அத்தீண்டல் உணரப்பட்டதைக் கண்டார். மூளைப் படத்தில் முகமும் கையும் அண்டை வீட்டார்.

எனவே என் வேலை, கசிவால் நனைந்த நிலத்தில் பழைய வரப்பைத் திரும்பக் கட்டுவதாகும். கண் திறந்து பார்த்தபடி ஒரு தொடுதல், கண் மூடி அதே இடத்தில் மறுபடி ஒரு தொடுதல், பிறகு உப்புத்தாள், சணல், பஞ்சு என்று தினமும் பயிற்சி நடந்தது. பெரியவருக்கு அவற்றில் மனம் பற்றவில்லை. கவனம் கூடாத தீண்டல் புறணியில் அநேகமாய் ஒரு மாற்றமும் செய்வதில்லை என்பதை அறிந்திருந்தும், அவை அடங்கிய என் பெட்டியையே நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரே மூன்று மண்ணுருண்டைகளைக் கொண்டுவந்தார்: ஒன்று வெறுங்களிமண், ஒன்றில் மணல், ஒன்றில் உமி. அன்று ஒரு மணி நேரம் போனது இருவருக்கும் தெரியவில்லை.

ஐந்து மாதங்களுக்குப் பின் மீண்டும் பென்சிலை வைத்தேன். "சுட்டுவிரல்தான். நடுவிரல்லயும் கொஞ்சம் தெரியுது" என்றார். வயது முதிர்ந்தோருக்கு முழுமையாகத் திரும்புவது அரிது என்று அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன்.

பிறகு அவர் வீட்டுக்குச் சென்றேன். சக்கரம் நின்றிருந்தது. ஈரப்பானைக்குள் இடக்கையை விட்டு, கண்களை மூடி, உட்சுவரை வழித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க கனமா இருக்கு, தம்பி." நூலை எடுத்துப் பானையை நடுவே அறுத்துக் காட்டினார். அவர் விரல் நின்ற இடத்தில் சுவர் ஒரு நெல்மணி அளவு தடித்திருந்தது.