பின்சீட்டுக்கு பாலிசி உண்டா?

பிரதோஷத்தன்று சாயங்காலம் ஊத்துக்கோட்டை பஜாரில் ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். பைக்குகளாக வந்துகொண்டே இருக்கும். பின்சீட்டில் மனைவி, அம்மா, அத்தை, சில வண்டிகளில் நடுவே சொருகிய ஒரு குழந்தை. செங்குன்றம், ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம் என்று தூசி குடித்துக்கொண்டு வந்து, இங்கே ஒரு டீயும் குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். எல்லாரும் போவது சுருட்டப்பள்ளிக்கு. ஊரைத் தாண்டினதும் ஆந்திரா. போர்டு தெலுங்குக்கு மாறும், பள்ளம் மாறாது.

சுருட்டப்பள்ளியில் சிவன் லிங்கமாக இல்லை, படுத்திருக்கிறார். ஆலகால விஷத்தைக் குடித்த களைப்பு. தலை பார்வதி மடியில். சுற்றிலும் தேவர்களும் ரிஷிகளும் நின்று பார்க்கிறார்கள், ஆக்ஸிடென்ட் நடந்த இடத்தில் கூடுகிற கூட்டம் மாதிரி. (பக்தர்கள் கோபிக்க வேண்டாம். நானும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.)

ஆக்ஸிடென்ட் ஞாபகம் வந்ததற்குக் காரணம், கோயிலுக்குப் போகும் முன் செயின் டைட் பண்ண நின்ற மெக்கானிக் கடை. அங்கே ஒரு பைக் மூக்கு நசுங்கிப் படுத்திருந்தது.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"மாடு சார். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பாக்குற பையன். பொண்டாட்டியக் கோயிலுக்கு இட்டுனு வந்துருக்கான். திரும்பறப்ப மாடு குறுக்க வந்துது, அடிச்சான் பிரேக்கு. அவனுக்கு சிராய்ப்புதான். அந்தப் பொண்ணுக்குக் கால் போச்சு. ரெண்டு எடத்துல கிராக்கு."

"இன்ஷூரன்ஸ்?"

"இருக்குது சார். அஞ்சு வருசத்துக்கு இருக்குது. ஒரு பைசா வராதாம்!"

இது எப்படி என்று பி.காம். மூளை குடைய ஆரம்பித்துவிட்டது.

2018 செப்டம்பரிலிருந்து, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, புது டூவீலர் வாங்கும்போதே 5 வருஷத் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். ஷோரூமில் பெரும்பாலும் அதோடு ஒரு வருஷத்துக்கு மட்டும் 'ஓன் டேமேஜ்' சேர்த்துக் கொடுப்பார்கள். நம்ம வண்டிக்கு ஏதாவது ஆனால் கொடுக்கிற பகுதி அது. வருஷம் முடிந்ததும் அது செத்துப்போகும். காகிதத்தில் '5 வருஷம்' மட்டும் கொட்டை எழுத்தில் இருப்பதால் நம்மவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். போலீஸ்காரரும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். 1988 மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டியை மட்டும்தான். அதுவும் இல்லை என்றால்தான் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம்.

சரி, தேர்ட் பார்ட்டி என்றால் யார்? ரோட்டில் போகிறவர், எதிரே வருகிறவர். உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சம்சாரம்? வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் அவர் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லாரிக்காரன் வந்து இடித்தால் லாரியின் பாலிசியிலிருந்து அவருக்கு நஷ்ட ஈடு கேட்கலாம். மாட்டுக்கு பாலிசி ஏது?

காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால் பின்சீட்டும் அதில் அடக்கம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கையே அனுப்பியது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சொன்னது. ஓன் டேமேஜை மட்டும் தனியாக ஒரு கம்பெனியில் எடுக்கிறவர்கள், பின்னால் உட்காருபவருக்கு எந்த பாலிசி பொறுப்பு என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம். பின்சீட்டுக்காரருக்கென்று தனி விபத்து கவரும் சேர்த்துக்கொள்ளலாம்.

"அதெல்லாம் பிரீமியம் எகிறுமே சார்" என்பீர்கள். பேனாவை எடுங்கள். 90,000 ரூபாய்க்கு வாங்கிய 125 சி.சி. வண்டிக்கு 3 வருஷம் முடிகிறது. தேய்மானம் 30 சதவீதம் போக மதிப்பு 63,000. 2007-க்கு முன் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த தாரிஃபில் ஊத்துக்கோட்டை மாதிரி ஊருக்கு ஓன் டேமேஜ் ரேட் 1.676 சதவீதம். ஆக 1,056 ரூபாய். மூன்று வருஷமும் கிளெய்ம் கேட்கவில்லையா? நோ கிளெய்ம் போனஸ் 35 சதவீதம் கழியும். மிச்சம் 686. இப்போது கம்பெனிக்குக் கம்பெனி ரேட் மாறும், வரி தனி. அப்படியும் ஒரு நாளைக்கு 2 ரூபாய் சொச்சம்தான். பஜாரில் குடித்த டீக்காசில் நாலைந்து நாள் ஓடும்.

சென்னை நம்பர் வண்டிக்கு அதே தாரிஃபில் 1.708. வித்தியாசம் 20 ரூபாய். அதற்காக ஊத்துக்கோட்டைக்குக் குடிவர வேண்டாம்.

பேரம் பேசி ஜெயிக்க முடியாதது தேர்ட் பார்ட்டி பிரீமியம். 75-லிருந்து 150 சி.சி. வரை வருஷத்துக்கு 714, அதற்கு மேல் 350 சி.சி. வரை 1,366 என்று 2022 ஜூனில் அரசாங்கமே நிர்ணயித்தது. "நம்மகிட்ட தேர்ட் பார்ட்டி சீப்" என்று புகைப் பரிசோதனை வேன் பக்கத்தில் எவராவது கூப்பிட்டால் கொஞ்சம் வேகமாகவே போய்விடுங்கள். போலி பாலிசியாக இருக்கலாம்.

மிச்சம் பிடிக்க இடம் இருப்பது போனஸில்தான். இண்டிகேட்டர் உடைந்ததற்கெல்லாம் கிளெய்ம் போட்டால் 400 ரூபாய் கிடைக்கும், சேர்த்து வைத்த போனஸ் காணாமல் போகும். 5 வருஷம் பொறுத்தால் 50 சதவீதம் வரை ஏறும். அது வண்டிக்கு இல்லை, உங்களுக்கு. பழசை விற்றுப் புதுசு வாங்கும்போது கூடவே கொண்டுபோகலாம். பாலிசி முடிந்து 90 நாள் தூங்கினால் மட்டும் போச்சு. அப்புறம், ஓட்டுகிற சொந்தக்காரருக்கான 15 லட்ச ரூபாய் விபத்து கவர். அதே தொகைக்கு வேறு விபத்து பாலிசி இருந்தால் வண்டிக்கு வண்டி வாங்க வேண்டியதில்லை. பிரீமியம் குறைய வேண்டும் என்று வண்டி மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்கிறவர்களும் உண்டு. வண்டி களவு போனால் கையில் வருவது அந்தக் குறைந்த தொகைதான்.

இந்த ஊருக்கென்றே ஒன்று பாக்கி. திருவள்ளூர் ரோட்டில் ஆரணியாறு. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் இங்கே தரைப்பாலம் முழுகிவிடும், பஸ் நின்றுபோகும். இப்போது உயரமான பாலம் இருக்கிறது. ஆனாலும் 2015, 2023 டிசம்பர் மாதிரி மழை கொட்டினால் வாசலில் நிற்கிற வண்டியே முழுகத்தான் செய்யும்.

வெள்ள சேதம் ஓன் டேமேஜில் உண்டே என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். சிரித்தார்.

"உண்டு சார். வண்டி முழுகி நின்னா குடுப்பான். நம்மாளு இன்னா பண்றான்? தண்ணி வடியறதுக்குள்ள செல்ஃப் அடிக்கிறான். தண்ணிய உள்ள இழுத்து கனெக்டிங் ராடு வளைஞ்சுபூடுது. நீ ஸ்டார்ட் பண்ணதால வந்த சேதம்னு சொல்லிக் கைய விரிச்சுடுறான். இன்ஜினுக்குன்னு தனி கவர் போட்டிருந்தாத்தான் ஏதாச்சும் பேசலாம்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"சாவியத் தொடாம, தள்ளிக்கினே இங்க வரணும். பிளக்கக் கழட்டி, ஆயில மாத்தி அனுப்பிடுவேன்" என்றவர், செயினில் எண்ணெய் விட்டுக்கொண்டே சேர்த்தார்: "எனக்குத்தான் வரும்படி கம்மி."