மூலமும் ஓரமும்

பல படங்களை இணைத்து ஒன்றாக்கும் கலை கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1857-இல் ஆஸ்கார் ரெயிலாண்டர் 30 நெகடிவ்களுக்குமேல் சேர்த்து ஒரே படம் அமைத்தார். 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில், 1994-இல் ‘லேயர்’ என்னும் அடுக்குமுறை புகுந்தது.

இதனைக் கற்றுவரும் நம் மாணவர் ஒருவர் விளக்கியபோது, நமக்கு அரபுக் கிதாபுகளே நினைவில் எழுந்தன. மூலமாகிய மத்னு நடுவே நிற்கும்; ஹாஷியா ஓரத்தில் விரியும். உரை பெருகினும் மூலம் மாறாது. அடுக்குமுறையும் அத்தகையதே; மேலடுக்கில் எதைத் தீட்டினும் அடியிலுள்ள படம் அழியாது.

மறைந்த பாட்டனாரைப் பேத்தியின் திருமணப் படத்தில் சேர்த்துத் தருமாறு ஒரு குடும்பத்தார் அவரை வேண்டினர். அழகுறச் சேர்த்தவர், அடியில் ‘இணைத்து அமைத்த படம்’ என்றும் பொறித்தார். அவ்வரி வேண்டாமென்றனர், அவர் இசையவில்லை. அஃதின்றேல், நாளைய சந்ததியினர் பாட்டனார் அம்மணநாளில் உயிரோடிருந்தாரென்றே நம்புவர்.

கற்பனை குற்றமன்று, அதனைச் சாட்சியாக நிறுத்துவதே குற்றம். மூலம் ஓர் அமானிதமன்றோ!