ஏழுமலை யாத்திரையும் கோதுமைப் பத்தியமும்

வேங்கட மலையைப் பண்டைத் தமிழகத்தின் வட எல்லை என்பர். வடநாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம் குடும்பங்கள் விடுமுறைக்குத் தாயகம் திரும்புங்கால் முதலில் நாடுவது அம்மலையையே. சென்ற ஆண்டு நாங்கள் சென்றபோது எங்களுடன் ஒரு பத்தியமும் யாத்திரை வந்தது. டில்லியில் வளரும் என் தமக்கையின் மகளுக்குச் சீலியாக் நோய் உண்டு. அத்தகைய குழந்தைகள் உள்ள இல்லங்களுக்குப் பயன்படுமாறு அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. இந்நோய் உடையோர் அதனை உட்கொண்டால், உடலின் காவற்படையே சிறுகுடலின் உறிஞ்சிகளைத் தாக்கி அழிக்கும். குழந்தை மெலியும், சோகை பிடிக்கும், வளர்ச்சி குன்றும். கோதுமையே இதற்குக் காரணம் என்பதை டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் நிலைநாட்டினார். இன்றளவும் வாழ்நாள் முழுவதும் காக்கும் பத்தியமே இதற்குச் சிகிச்சை.

இந்நோய் வடநாட்டிலேதான் மிகுதி. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், தெற்கே நூற்றுக்கு 0.10 பேரிடமும் காணப்பட்டது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே 25 கிராமே உண்கின்றனர் என்றும் அதே ஆய்வு கூறியது. ஆகவே, "அரிசி உண்ணும் நாட்டுக்குத்தானே போகிறோம், இனி என்ன கவலை?" என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணமே ஆபத்து. அங்கே இந்நோயை அறிந்தோர் குறைவு. கோதுமையும் வேறு வேடங்களில் வந்து நிற்கும்.

திருப்பதி நகரின் சிற்றுண்டிச் சாலையில் காலையில் அமர்ந்தோம். இட்லியில் அச்சமில்லை. அந்நாட்டில் இட்லிக்குச் சேர்க்கும் ரவை அரிசியிலிருந்து உடைத்ததே. உப்புமாவுக்கும் ரவா தோசைக்கும் ஆகும் 'பொம்பாயி ரவ்வ'யோ கோதுமை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு! ரவா தோசை வார்த்த கல்லிலேயே அரிசித் தோசையும் வார்ப்பர். பூரி பொரித்த எண்ணெயிலேயே வடையும் வேகும். "இந்துலோ கோதும பிண்டி உந்தாண்டி?" என்று, அதாவது இதில் கோதுமை மாவு உண்டா என்று, பணிவுடன் கேட்டால் பரிமாறுவோர் முகம் சுளிப்பதில்லை. 'மைதா பிண்டி' என்பதையும் சேர்த்துக் கேட்டல் நலம். சனக பிண்டி எனில் கடலை மாவு. பிய்யப்பிண்டி எனில் அரிசி மாவு.

யாவற்றினும் கரவாக ஒளிந்திருப்பது பெருங்காயம். ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வரும் அந்தப் பிசின் மிகக் காரமானது. ஆதலின் வேலம் பிசினும் மாவும் கூட்டியே கட்டியாகவும் பொடியாகவும் விற்கின்றனர். அம்மாவு பெரும்பாலும் மைதா. சாம்பார், ரசம், புளியோதரை, மோர் என்று எங்கும் அது மணக்கும். தெலுங்கில் இதனை 'இங்குவ' என்பர். அரிசி மாவு கூட்டிய பெருங்காயமும் கடைகளில் உண்டு. பொட்டலத்திலுள்ள பட்டியலைப் படித்து வாங்குக.

அலிபிரியிலிருந்து ஏறத்தாழ 3,550 படிகள். சிறுமி வேர்க்கடலையும் வாழைப்பழமும் தின்று சளைக்காமல் ஏறினாள். தரிசனம் முடிந்து புளியோதரை கைக்கு வந்தபோதுதான் சோதனை வந்தது.

"பெருமாள் பிரசாதமடி கண்ணே! ஒரு துளி என்ன செய்துவிடும்?" என்றார் என் தாயார்.

"பாட்டி, என் குடலுக்கு அது பிரசாதம் என்று தெரியாதே!" என்றாள் குழந்தை.

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடு; உனக்கும் சேர்த்து நான் உண்கிறேன்" என்றார். பக்தியும் பத்தியமும் ஒருங்கே காக்கப்பட்டன.

2009-இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய், கற்கண்டு ஆகியவற்றால் ஆவது. செய்முறையில் கோதுமை இல்லை. ஆயினும் கோதுமை அரைத்த எந்திரத்தில் கடலையும் அரைபடுவது நாட்டில் வழக்கம். செய்முறை வேறு, சோதித்தளித்த சான்று வேறு. குளூட்டன் அற்றது என்று விற்க, கிலோ ஒன்றில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது இந்திய விதி. எனவே லட்டைப் பற்றி உங்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க. தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் வெறும் சோற்றை மட்டும் கேட்டு வாங்கி, நாங்கள் கொண்டுசென்ற நெய்யும் பருப்புப் பொடியும் சேர்த்து அவளுக்கு அளித்தோம்.

திரும்புகையில் சித்தூர்ப் பக்கத்து வீடொன்றில் ராகி சங்கடி கிடைத்தது. கேழ்வரகு மாவையும் அரிசியையும் கிண்டிப் பிடித்த அவ்வுருண்டையை வேர்க்கடலைத் துவையலுடன் அவள் ஆசை தீர உண்டாள். மாவு அவ்வீட்டிலேயே திரிகையில் அரைத்தது. ஏழைகளின் உணவென்று நாம் ஒதுக்கிய கேழ்வரகும் கம்பும் சோளமும் இக்குழந்தைகளுக்கு இயற்கை அளித்த செல்வம்.

இறுதியாக ஒன்று. ஐயம் உள்ள குழந்தைக்கு, சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையும் குடற் பரிசோதனையும் நோயைக் காட்டாது போகலாம். நோய் உறுதியானபின் ஒரு துளிக்கும் இடமளியாதீர்கள். தனிப் பாத்திரம், தனிப் பெருங்காயம், தயங்காது கேட்கும் நா ஆகிய மூன்றும் உடன் இருப்பின், இக்குழந்தைகளும் மனநிறைவுடன் ஏழுமலை ஏறி வரலாம்.